நாணயத்துக்கு மதிப்பெண் இடுவோரின் நடுநிலை

1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை ஒரு கோடிக்கும் மேற்பட்ட மார்கன் வெள்ளி டாலர்களை அச்சடித்தது. பலர் கைபட்டுத் தேய்ந்த ஒன்றை இன்றும் சில பத்து டாலருக்கு வாங்கிவிடலாம். புழக்கத்துக்கே போகாமல் தப்பி, எம்.எஸ். 64 (எம்.எஸ். என்பது ‘மின்ட் ஸ்டேட்’, அதாவது புழக்கத்துக்குப் போகாத நிலை) என்று தரமிடப்பட்ட ஒன்றின் விலை பத்தாயிரம் டாலரை ஒட்டி நிற்கிறது. அதுவே எம்.எஸ். 65 ஆகிவிட்டால் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடுகிறது. 64-க்கும் 65-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு, நாணயத்தில் பொறித்த லிபர்ட்டி என்ற பெண்ணுருவின் கன்னத்தில் உள்ள ஓரிரு உரசல் தழும்புகளாக இருக்கலாம். நாணயத்தைச் சாய்க்கும்போது வெள்ளியின் மேல் சுழலும் ஒளியில் தெரியும் சிறு மந்தமாக இருக்கலாம். அந்த வேறுபாட்டுக்கு எண் கொடுப்பவர் விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். விளக்கின் கீழ் நாணயத்தைச் சில நொடிகள் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கணிப்பைக் கணினியில் பதிந்துவிட்டு, அடுத்த நாணயத்தைக் கையில் எடுக்கும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்.

அவர் நடுநிலையாளரா என்று சேகரிப்பாளர்கள் கேட்கும்போது, பெரும்பாலும் அவர் நேர்மையானவரா என்பதைத்தான் கேட்கிறார்கள். பெரிய வணிகர்களுக்குச் சலுகை உண்டா, தெரிந்தவர் அனுப்பினால் ஒரு புள்ளி கூடுமா என்பது போன்ற ஐயங்களே பேச்சை நிறைத்துவிடுகின்றன. இந்த ஐயங்களை நான் பொருட்படுத்தாமல் விடவில்லை. ஆனால் அவற்றைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருப்பதாகக் கருதுகிறேன். தரமிடுபவர் ஒவ்வொருவரும் முழு நேர்மையுடன், யார் பக்கமும் சாயாமல் வேலை செய்தாலும், சந்தையில் புழங்கும் தரச்சான்றுகளின் மொத்தத் தொகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். அந்தச் சாய்வு தனி மனிதரின் கண்ணிலிருந்து வருவதில்லை. கட்டணம் கட்டுபவர் யார், மறுபடியும் வந்து கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற ஏற்பாட்டிலிருந்து வருகிறது.

எண்களால் தரமிடும் வழக்கத்தின் தோற்றமே விலையோடு பிணைந்தது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர், 1793 முதல் 1814 வரை அச்சிடப்பட்ட பெரிய செப்புச் சென்டுகளுக்காக 1949-இல் ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோலை வகுத்தார். இன்னது என்று அடையாளம் காண மட்டுமே முடிகிற அளவுக்குத் தேய்ந்த சென்டுக்கு ஒரு டாலர் விலை என்றால், குறையே இல்லாத சென்டுக்கு எழுபது டாலர் என்பது அவர் கணக்கு. அதாவது அந்த எண், நாணயத்தின் நிலையை அளக்கும் கோலாக மட்டுமன்றி, விலையின் பெருக்கெண்ணாகவும் பிறந்தது. விலை விகிதம் சில ஆண்டுகளிலேயே பொய்த்துப்போனாலும், எண்கள் நிலைத்துவிட்டன. செப்புச் சென்டுக்காக வகுக்கப்பட்ட கோல் பிற்பாடு எல்லா உலோகங்களுக்கும் எல்லா நாடுகளின் நாணயங்களுக்கும் நீட்டப்பட்டது. இந்த இடத்தில் ஒரு கிளைச்செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஷெல்டன் 1977-இல் இறந்த பிறகு, நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த உயர்தரச் சென்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தாழ்ந்த தரத்தவற்றை வைத்துவிட்டுப் போனவர் அவர்தான் என்பது நாணயங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில் வெளிப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. தரத்துக்கு அளவுகோல் தந்தவரே தரத்தை இடம் மாற்றியவராகவும் இருந்திருக்கிறார்.

மூன்றாம் தரப்பு என்ற ஏற்பாடு வருவதற்கு முன், நாணயத்தின் தரத்தை விற்பவரே சொன்னார். வாங்கும்போது தேய்மானத்தைக் கண்டுபிடிக்கும் அதே கண், விற்கும்போது பளபளப்பைக் கண்டுபிடிக்கும். 1970-களின் இறுதியில் தங்கம், வெள்ளி விலைகள் ஏறியபோது, நாணயத்தைப் பற்றி ஏதும் அறியாத முதலீட்டாளர்கள் பெருமளவில் சந்தைக்குள் வந்தார்கள். அவர்களிடம் உயர்தரம் என்று சொல்லி விற்கப்பட்ட நாணயங்களைப் பின்னர் அவர்கள் விற்க முயன்றபோதுதான் இந்த இரட்டைக் கண்ணின் விலை தெரிந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-இல் போலிகளை அடையாளம் காண்பதற்கென்று தொடங்கிய அனாக்ஸ் என்ற பிரிவு, 1979 முதல் புகைப்படச் சான்றிதழுடன் தரமும் வழங்கியது. முன்பக்கத்துக்கு ஓர் எண், பின்பக்கத்துக்கு ஓர் எண் என்று தனித்தனியே கொடுத்த அந்தப் பழைய சான்றிதழ்கள் எனக்கு இன்றும் பிடித்தவை. சங்கம் இலாப நோக்கற்றது. நாணயம் வாங்குவதும் விற்பதும் அதன் தொழில் அல்ல. நடுநிலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைந்திருக்க முடியாது என்றே தோன்றும்.

ஆனால் அனாக்ஸ் சொன்ன தரத்தை வணிகர்கள் விலையாக ஏற்கவில்லை. அனாக்ஸ் நாணயத்தின் உடல்நிலையை அளந்தது. சந்தையோ அதன் அழகையும் சேர்த்து அளந்தது. மேலும் 1980-களின் நடுவில் சந்தை தன் அளவுகோலை இறுக்கியபோது, சில ஆண்டுகளுக்கு முன் 65 என்று சான்று பெற்றவை 63 என்றும் 64 என்றும் பார்க்கப்படலாயின. பழைய சான்றிதழை வைத்திருந்தவர் கையில் இருந்த தாள் ஒன்றைச் சொன்னது, கடைக்காரர் வேறொன்றைச் சொன்னார். அந்தத் தாளுக்குப் பின்னால் பணம் எதுவும் நிற்கவில்லை என்பதுதான் குறை. 1990-இல் சங்கம் அனாக்ஸை விற்றுவிட்டது.

1986-இன் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் செயல்படத் தொடங்கிய பி.சி.ஜி.எஸ். என்ற தரமிடும் நிறுவனம் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து புறப்பட்டது. அதை நிறுவிய டேவிட் ஹாலும் அவருடைய கூட்டாளிகளும் நாணய வணிகர்கள். பலர் பார்த்து ஒருமித்துத் தரமிடுவது, அந்தத் தரத்தை நாணயத்தோடு சேர்த்து நெகிழிப் பெட்டிக்குள் அடைத்துவிடுவது, தரம் மிகையாக இருந்தால் இழப்பை ஈடுசெய்வது, அவ்வாறு தரமிட்ட நாணயத்தை நேரில் பாராமலேயே வாங்குவதற்கு வணிகர்களின் வலையமைப்பை உருவாக்குவது ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஸ்லாப் என்று நாம் சொல்லும் பொருளைச் சந்தையின் நாணயமாகவே ஆக்கின. நிறுவனர்களுள் ஒருவரான ஜான் அல்பனீஸ் விரைவிலேயே விலகி, 1987-இல் நியூ ஜெர்சியில் என்.ஜி.சி. என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார், தரமிடுபவர்கள் நாணய வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்பதைத் தன் நிறுவனத்தின் அடையாளமாகவே முன்வைத்தார். தரமிடுபவர் அன்றாடம் சந்தையில் வாங்கி விற்பவராக இருந்தால்தான் அவர் கண் கூர்மையாக இருக்கும் என்பது ஒரு வாதம். சந்தையில் கை வைத்திருப்பவரின் கண் தன் கையிருப்பை மறக்காது என்பது மற்றொரு வாதம். இரண்டும் உண்மைதான். இந்தத் தொழிலின் நாற்பது ஆண்டு வரலாறு இந்த இரண்டுக்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கிறது.

நடுநிலை என்ற சொல்லை விளம்பரத்தில் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு அரசே ஓர் எல்லை வகுக்க நேர்ந்தது. பி.சி.ஜி.எஸ். தன் தரமதிப்பீடு ஒரே சீரானது, புறவயமானது என்றும், அதன் சான்று பெற்ற நாணயத்தை வாங்கினால் தரம் சார்ந்த இடர் நீங்கிவிடும் என்றும் விளம்பரம் செய்தது மிகையான கூற்று என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1990-இல் நடவடிக்கை எடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. சான்று பெற்ற நாணயங்களும் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டவையே என்ற எச்சரிக்கை வாசகத்தை விளம்பரங்களில் சேர்க்க நிறுவனம் இசைந்தது. அதே ஆண்டில் மார்கன் டாலர்களைக் கணினியைக் கொண்டே தரமிடும் முயற்சியையும் அந்நிறுவனம் அறிவித்தது. மனிதக் கண்ணின் மீதான ஐயத்துக்குக் கணினி விடையாகும் என்ற நம்பிக்கை அப்போதே இருந்திருக்கிறது. அது நீடிக்கவில்லை.

இன்று பெரிய நிறுவனங்களில் நடப்பது ஏறத்தாழ இதுதான். நாணயம் வந்து சேர்ந்ததும் அனுப்பியவரின் பெயர் பிரிக்கப்பட்டு, ஓர் எண் மட்டும் அதனோடு பயணிக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்த்துத் தரத்தைப் பதிகிறார்கள். மூத்தவர் ஒருவர் அவற்றைப் பார்த்து முடிவு செய்கிறார். யாருடையது என்பது தெரியாமல் தீர்ப்புச் சொல்வது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனினும் அந்தத் திரை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. 1913-ஆம் ஆண்டு லிபர்ட்டி நிக்கல்கள் என்ற ஐந்து சென்ட் நாணயங்கள் உலகில் ஐந்தே ஐந்துதான் உள்ளன. ஒவ்வொன்றும் யார் யார் கையில் இருந்தது என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அவற்றுள் மிகச் சிறந்ததான, எலியாஸ்பெர்க் என்ற சேகரிப்பாளரின் பெயரால் அறியப்படும் நாணயம் மேசைக்கு வந்தால், அதன் பெயரை மறைத்துப் பயன் என்ன? 2018-இல் 45 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோன அந்த நாணயத்தைப் பார்க்கும் கண், முன்பு கொடுக்கப்பட்ட 66 என்ற எண்ணை அறிந்தே பார்க்கிறது. மறுமுனையில், ஒரே ஆண்டின் புத்தம்புது வெள்ளி ஈகிள் என்ற அமெரிக்க நாணயங்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வரும்போது, அனுப்பியவர் சிறு சேகரிப்பாளர் அல்லர் என்பதை ஊகிக்க யாரும் பெயரைச் சொல்லத் தேவையில்லை. நடுவில் இருக்கும் பெருந்திரளான நாணயங்களுக்குத்தான் அந்தத் திரை உண்மையில் வேலை செய்கிறது.

இனி, நான் அடிப்படை என்று சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக மதிப்பெண் வந்தவர்கள் மட்டுமே விண்ணப்பிப்பார்கள். எனக்குக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள், குறைத்துக்கொள்ளுங்கள் என்று எந்த மாணவரும் பணம் கட்டுவதில்லை. திருத்துபவர்களின் பிழை இரு பக்கமும் சமமாக விழுந்திருந்தாலும், திருத்தப்படும் பிழை ஒரு பக்கத்துப் பிழை மட்டுமே. தேர்வுத்துறையிலாவது அதற்கு ஒரு முறைதான் வாய்ப்பு, அதற்குக் கடைசி நாளும் உண்டு. நாணயத்தின் உரிமையாளருக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

64-க்கும் 65-க்கும் நடுவில் நிற்கும் ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்வோம். நூறு முறை காட்டினால் எழுபத்தைந்து முறை 64 என்றும், இருபத்தைந்து முறை 65 என்றும் விடை வரும் என்று வைத்துக்கொள்வோம். தரமிடுபவர்களிடம் குறை இல்லை. பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள், சில நேரம் கண் சற்றே தாராளமாகிறது. உரிமையாளர் முதல் முறை 64 பெற்றால், பெட்டியை உடைத்து நாணயத்தை வெளியே எடுத்து, புதிது போல மறுபடியும் அனுப்புகிறார். இதைச் சேகரிப்பாளர்கள் கிராக்-அவுட் என்கிறார்கள். இதையே தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான் என்றாலும், நான்கு முறை அனுப்பினால் ஒரு முறையாவது 65 வருவதற்கான வாய்ப்பு 68 சதவீதத்தைத் தொடுகிறது. 65 வந்த அன்று அவர் நிறுத்திவிடுகிறார். இனி அந்த நாணயம் 65 என்ற சீட்டோடுதான் உலகில் இருக்கும். முந்தைய மூன்று 64-களும் யார் கண்ணுக்கும் தெரியாது. தொடக்கத்தில் கூறிய மார்கன் டாலரைப் போல, ஒரு புள்ளிக்கு ஒரு லட்சம் டாலர் வேறுபாடு இருக்குமானால், அவர் நான்கு முறையோடு நிறுத்துவதற்கும் காரணம் இல்லை.

இதன் விளைவு இரண்டு வகையில் சந்தையைக் கெடுக்கிறது. 65 என்ற பெட்டிகளுக்குள், வலுவான 65-களோடு, பல முறை முயன்று ஏறிவந்த நலிந்தவையும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மறுபக்கம், ஒவ்வொரு தரத்திலும் எத்தனை நாணயங்கள் உள்ளன என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில், ஒரே நாணயம் மூன்று முறை 64 ஆக எண்ணப்பட்டுக் கிடக்கிறது. உடைத்த பெட்டியின் சீட்டைத் திருப்பி அனுப்பினால் பதிவை நீக்குவோம் என்று நிறுவனங்கள் கேட்கத்தான் செய்கின்றன. அதைச் செய்வதற்குக் கிராக்-அவுட் தொழில் நடத்துபவருக்கு என்ன அவசரம்?

இதை ஒட்டியே, தரம் காலப்போக்கில் தளர்ந்துவிட்டது என்ற முறையீடு எழுகிறது. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் பி.சி.ஜி.எஸ். அடைத்த, பச்சைச் சீட்டு கொண்ட பழைய பெட்டிகளுக்கு இன்று தனி மதிப்பு இருப்பது இதனால்தான். அந்தக் காலத்தில் கடுமையாகத் தரமிட்டார்கள், இன்று அனுப்பினால் ஒரு புள்ளி ஏறும் என்ற நம்பிக்கையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏறக்கூடியவை பெரும்பாலும் முன்பே உடைக்கப்பட்டு ஏறிவிட்டன. முப்பது ஆண்டுகள் கூர்மையான கண்களிடமிருந்து தப்பி இன்னும் பழைய பெட்டியிலேயே இருக்கும் நாணயத்தை, அந்தக் கண்கள் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கவும் கூடும். பழைய பெட்டியில் இருப்பவை கட்டாயம் கடுமையான தரம் என்று எண்ணுவோர் இந்தச் சலித்தெடுப்பு நடந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

நிறுவனங்களின் பண ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். கட்டணம் கட்டுபவர் நாணயத்தின் உரிமையாளர். அவருக்கு வேண்டியது உயர்ந்த எண். தரம் ஏறினால், ஏறிய பின் உள்ள மதிப்பில் ஒரு சதவீதத்தைப் பி.சி.ஜி.எஸ். உத்தரவாதக் கட்டணமாக வாங்குகிறது. உயர்த்தினால் வருமானம் கூடுகிறது என்று இதைக் கண்டிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கண்டனத்தை முழுதாக ஏற்கவில்லை. பத்தாயிரம் டாலர் நாணயத்தைத் தவறுதலாக ஒரு லட்சம் டாலர் நாணயமாக உயர்த்தினால் நிறுவனத்துக்குக் கிடைப்பது ஆயிரம் டாலர். பின்னர் அந்தத் தரம் மிகை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தால் இழப்பது தொண்ணூறாயிரம் டாலர். கணக்குப் பார்க்கத் தெரிந்த நிறுவனம் அந்த ஒரு சதவீதத்துக்காகத் தாராளமாகாது. நாளடைவில் தாராளமாகிவிட்ட நிறுவனங்களின் பெட்டிகளைச் சந்தை விலை குறைத்தே வாங்குகிறது என்பதும் உண்மை. ஆகவே வாங்குபவர், நேரடியாகக் கட்டணம் கட்டாவிட்டாலும், விலையின் வழியாக ஒரு கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கிறார்.

கடிவாளத்தின் மறுமுனை எங்கே கட்டப்பட்டுள்ளது என்பதில்தான் எனக்குக் குறை. தரம் மிகை என்று நினைக்கும் சேகரிப்பாளர் உத்தரவாதத்தின் கீழ் நாணயத்தை அனுப்பினால், அது மிகைதானா என்று முடிவு செய்வது, அந்தத் தரத்தைக் கொடுத்த அதே நிறுவனம். மேல்முறையீடு கீழ் நீதிமன்றத்துக்கே திரும்புகிறது. தன் தீர்ப்பு தவறு என்றால் தானே பணம் கொடுக்க வேண்டும். பி.சி.ஜி.எஸ். செப்பு நாணயங்களின் நிறமாற்றத்தை 2010 முதல் உத்தரவாதத்திலிருந்து விலக்கியது. பழங்கால நாணயங்களைப் பொறுத்தவரை என்.ஜி.சி. நீண்ட காலம் உண்மைத்தன்மைக்கே உத்தரவாதம் தரவில்லை, தன் கருத்தைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டது. இவற்றுக்கு நியாயமான தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. இருந்தாலும் வாங்குபவர் ஸ்லாப்பைப் பார்க்கும்போது இந்த வேறுபாடுகள் எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை.

மறுசமர்ப்பிப்பால் வரும் சாய்வைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. நாணயம் ஒவ்வொன்றுக்கும் தழும்புகளாலான கைரேகை உண்டு, பி.சி.ஜி.எஸ். 2010-இல் அறிமுகப்படுத்திய செக்யூர் பிளஸ் என்ற சேவை, நாணயத்தின் மேற்பரப்பை ஒளிப்பதிவு செய்து, அது திரும்ப வந்தால் அடையாளம் காண்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. அது முக்கியமாக, நாணயத்தின் தழும்பைப் பூசி மறைக்கும், வேதிப்பொருளால் நிறமூட்டும் மோசடிகளைப் பிடிப்பதற்காக வந்தது. அதே கருவியைக் கொண்டு, இந்த நாணயம் இதற்கு முன் எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் என்ன தரம் பெற்றது என்பதைப் பொதுவில் காட்டிவிடலாம். தரமிடுபவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் அவர் முந்தைய எண்ணுக்குக் கட்டுப்பட்டுவிடுவார். வாங்குபவருக்குத் தெரிந்தால் போதும். மூன்று முறை 64 வாங்கி நான்காம் முறை 65 வாங்கிய நாணயத்துக்கு அவர் 65-இன் விலையைக் கொடுக்க மாட்டார், கிராக்-அவுட் தொழிலும் தானாகத் தளர்ந்துவிடும். மறுசமர்ப்பிப்பு நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பகுதி என்பதால் இதை அவர்களாக முன்வந்து செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காரணத்தைச் சொல்லாத தீர்ப்பு என்பது மற்றொரு குறை. எம்.எஸ். 64 என்று மட்டும் அச்சிட்ட சீட்டைப் பார்த்து, அச்சு நலிந்ததா, தழும்பு மிகுந்ததா, பளபளப்பு குன்றியதா என்று உரிமையாளர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பழங்கால நாணயங்களுக்கு என்.ஜி.சி. வேறு முறையைக் கையாள்கிறது: பொதுத் தரத்தோடு, அச்சுக்கு ஐந்தில் இத்தனை, மேற்பரப்புக்கு ஐந்தில் இத்தனை என்று பிரித்துச் சொல்கிறது. பிரித்துச் சொல்லப்பட்ட தீர்ப்பை எதிர்த்துப் பேச முடியும். ஒற்றை எண்ணை நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம். அதனோடு வாதாட முடியாது. ஒரே நாணயங்களைப் பல நிறுவனங்களுக்கு மாறி மாறி அனுப்பிக் காயின் வேர்ல்ட் இதழ் நடத்திய ஒப்பீடு 2003-இல் வெளிவந்தபோது, எந்த நாணயத்தின் தரத்திலும் எல்லா நிறுவனங்களும் ஒத்துப்போகவில்லை என்பது தெரியவந்தது. எங்கே கருத்து வேறுபட்டது என்று அந்த எண்களைக் கொண்டு மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. (அந்த இதழை வெளியிட்ட நிறுவனமே அப்போது அனாக்ஸுக்கும் உரிமையாளராக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். நடுநிலையைச் சோதிப்பவரின் நடுநிலையும் இப்படிக் கேள்விக்கு உள்ளாகிவிடுகிறது.)

இந்தியச் சேகரிப்பாளர்களுக்கு இந்த விவாதம் தொலைவில் நடப்பதன்று. 1939-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆறாம் மன்னர் ரூபாய் போன்ற அரிய நாணயங்களை இன்று பலர் ஸ்லாப்பில் மட்டுமே வாங்குகிறார்கள். ஆனால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. யானையைப் பன்றி போலக் காட்டியதாக எதிர்ப்பு எழுந்த 1911-ஆம் ஆண்டு ரூபாயும், கோபுரம் பொறித்த சென்னை மாகாணப் பகோடா நாணயங்களும் இந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன. அமெரிக்க மேசைக்கு அனுப்ப முடியாத இடத்தை உள்ளூரில் யாராவது நிரப்பத்தான் செய்வார்கள். நான் சென்ற கண்காட்சிகளில், பெட்டியில் அடைத்துத் தரமிட்டவரும் அதே மேசையில் அமர்ந்து விற்பவரும் ஒருவராகவே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், எங்கள் பெயருக்காகவாவது சரியாகத் தரமிடுவோம் என்கிறார்கள். பெட்டி மட்டும் புதிது. உள்ளே இருப்பது, தரத்தை விற்பவரே சொன்ன பழைய காலம்.

என்.ஜி.சி.யைத் தொடங்கிய அல்பனீஸ் 2007-இல் சி.ஏ.சி. என்ற நிறுவனத்தை அமைத்தது, மேலே சொன்ன சாய்வு உண்மையானது என்பதற்கு என் பார்வையில் வலுவான சான்று. பி.சி.ஜி.எஸ்.ஸும் என்.ஜி.சி.யும் ஏற்கெனவே தரமிட்ட நாணயங்களை உரிமையாளர்களிடமிருந்து பெற்றுப் பார்த்து, அந்தத் தரத்துக்கு உறுதியானவை என்று கருதுபவற்றின் பெட்டியில் சி.ஏ.சி. பச்சை நிறச் சிறு சீட்டை ஒட்டியது; குறைவாகத் தரமிடப்பட்டவை என்று கருதியவற்றுக்குத் தங்கநிறச் சீட்டை ஒட்டியது. நலிந்த 65-ஐயும் வலுவான 65-ஐயும் பிரித்துக் காட்ட நான்காம் தரப்பு ஒன்று தேவைப்பட்டிருக்கிறது, சேகரிப்பாளர்கள் அதற்காகக் கூடுதல் விலையும் கொடுத்திருக்கிறார்கள். மேலும், தரமிடுபவர் வணிகம் செய்யக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி வகுத்தவர், இம்முறை தன் சீட்டு ஒட்டிய நாணயங்களைத் தானே விலை கொடுத்து வாங்க முன்வந்தார். தவறாகச் சீட்டு ஒட்டினால் அந்த நாணயம் தன் தலையிலேயே வந்து விழும் என்ற ஏற்பாடு அது. விலகி நிற்பதால் வரும் நடுநிலையை முதலில் முயன்றவர், பொறுப்பேற்பதால் வரும் நடுநிலையை அடுத்து முயன்றார். இரண்டில் எனக்கு இரண்டாவதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். விலகி நிற்பவர் தவறினால் அவருக்கு நேர்வது பெரிதாக ஒன்றுமில்லை.

2021-இல் பி.சி.ஜி.எஸ்.ஸின் தாய் நிறுவனம் பங்குச்சந்தையிலிருந்து தனியார் முதலீட்டாளர் குழுவின் கைக்குப் போனது. அதே ஆண்டில் என்.ஜி.சி.யின் தாய் நிறுவனத்தில் பெரும்பங்கை பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஆண்டுக்கு எத்தனை நாணயங்கள் மேசையைக் கடக்கின்றன என்பதை வைத்து மதிப்பிடப்படும் தொழிலாக இது ஆகிவிட்ட பிறகு, திரும்பத் திரும்ப வரும் நாணயத்தை வேண்டாம் என்று சொல்வதற்கான துணிவு முன்பைவிடக் குறையுமே தவிரக் கூடாது. 2023-இல் சி.ஏ.சி.யும் வர்ஜீனியாவில் சொந்தமாகத் தரமிட்டுப் பெட்டியில் அடைக்கத் தொடங்கியது. வணிகர்களும் சேகரிப்பாளர்களும் பலர் அதில் பங்குதாரர்கள். முன்பு மற்றவர்களின் 65-ஐச் சரிபார்த்த கண் இப்போது தன் சொந்த 65-ஐக் கொடுக்கிறது. அந்தப் பெட்டிகளை உடைத்து மறுபடி அனுப்பும் வேலையையும் கிராக்-அவுட் தொழில் நடத்துபவர்கள் தொடங்குவார்கள். நான்காம் முறை வரும் நாணயத்தை இந்தப் புதிய நிறுவனம் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.